திருவாதிரை நிலாவும் உன் 400 மி.மீ. லென்ஸும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 400 மி.மீ. லென்ஸ் வாங்கிவிட்டாய் என்று படித்ததுமே மனசு 2028 டிசம்பர் 31-க்குப் போய்விட்டது. அன்றைய முழு சந்திர கிரகணத்துக்குத் தண்டையார்பேட்டைக்கே வந்துவிடு, நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுக்கலாம். இரவு 8.37-க்குப் பூமியின் கருநிழல் (நிழலின் இருண்ட நடுப்பகுதி) நிலாவைத் தொடும். 9.46 முதல் 10.58 வரை முழுமை, அதாவது நிலா முழுதும் அந்த நிழலுக்குள். 12.06-க்குக் கருநிழல் முழுதாக விலகிவிடும். புத்தாண்டு வெடிப்புகை சூழ்வதற்குள் முக்கியமான படங்கள் முடிந்துவிடும். மார்கழி மேகம்தான் கவலை.

முழுமையின்போது கேமராவை எந்த அமைப்பில் வைத்து எடுப்பது என்று கேட்டிருந்தாய். ஐ.எஸ்.ஓ.-வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று பயந்து பலரும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறார்கள். படம் கெடுவது அங்கேதான். நிலா வானில் வினாடிக்குச் சுமார் 14.5 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்செகண்ட்) நகர்கிறது. 4 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில், 400 மி.மீ. லென்ஸுக்கு ஒரு பிக்சல் என்பது 2 ஆர்க்செகண்ட். ஒரு வினாடி திறந்து வைத்தால் நிலா 7 பிக்சல் இழுபட்டுவிடும். அந்தப் புள்ளிகளை (நாய்ஸ்) பிறகு குறைக்கலாம்: 20, 30 படங்களை அடுக்கிச் சேர்த்தால் போதும். இழுபட்ட விளிம்பை எதுவும் மீட்காது. அதனால் லென்ஸ் துளை எஃப்/5.6, ஐ.எஸ்.ஓ. 6400, 1/4 வினாடி என்று தொடங்கு.

இது தொடக்கம்தான். பூமியின் காற்றுமண்டலம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அதைப் பொறுத்து முழுமையின்போது நிலாவில் தெரியும் சிவப்பின் அடர்த்தி மாறும். 1991-இல் பினாட்டுபோ எரிமலை கக்கிய தூசி தங்கியிருந்ததால், 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா மிக மிகக் கருத்துப்போனது. எனவே படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொண்டே இரு. இந்த முறை நிலா, பூமி நிழலின் மையத்துக்கு வடக்கே கடக்கிறது; வடக்கு விளிம்பு வெளிறியும் தெற்கு இருண்டும் தெரியும். முழுமையின் முதல், கடைசி நிமிடங்களில் விளிம்பில் மெல்லிய நீலம் ஓடும், ஓசோன் படலம் சிவப்பை உறிஞ்சுவதால் வருவது. எனக்கு அந்த நீலம்தான் கிரகணத்திலேயே அழகு. வெளிச்சம் கூடினால் அது வெளுத்துவிடும், 9.46-ஐ ஒட்டி 1/4, 1/15, 1/60 என்று மாற்றி மாற்றி எடு. நிறச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) டேலைட்டில் நிற்கட்டும்.

பகுதிக் கிரகணம் சுலபம். எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, 1/250-இல் தொடங்கி, நிலா தேயத் தேய 1/60 வரை இறங்கு. ஆட்டோவில் மட்டும் விடாதே, கருப்பு வானத்தைப் பார்த்து ஏமாந்து நிலாவை வெளுக்க வைத்துவிடும்.

முழுநிலாவில் குழிகளின் நிழல் இல்லாததால் ஃபோகஸ் பிடிபடாது. நிலா அன்று திருவாதிரை நட்சத்திரத்தில் இருக்கிறது. ஓரியன் விண்மீன் கூட்டத்தின் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தையே கேமராத் திரையில் (லைவ் வியூ) பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் ஃபோகஸ் ரிங்குக்கு டேப் ஒட்டிவிடு. குளிர் ஏறினால் ஃபோகஸ் நகரும், 9.30-க்கு மறுபடி பார்.

முழுமையின்போது நிலா 54 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏறுகிறது. அவ்வளவு நிமிர்ந்தால் லென்ஸின் கனத்தில் டிரைபாட் தலை மெல்லச் சரியும். ஒரு காலை லென்ஸுக்கு நேர் கீழே வை, நடுத்தண்டை உயர்த்தாதே. கீழே தண்ணீர் மோட்டார் ஓடினால் மாடியே அதிரும், முழுமை முடியும்வரை போடவேண்டாம் என்று பக்கத்து வீடுகளில் சொல்லி வைக்கிறேன். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை (இமேஜ் ஸ்டெபிலைசர்) அணைத்து, 2 வினாடி டைமரில் எடு.

நிலாவைப் பின்தொடர்ந்து கேமராவைச் சுழற்றும் டிராக்கர் வாங்குவதானால் ஒன்று யோசி. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். சென்னையில் துருவ நட்சத்திரம் 13 டிகிரி உயரம்தான். இங்கிருந்து அது எண்ணூர்ப் பக்கத்து மங்கலில் மறைந்துவிடும். திசைகாட்டியை வைத்து வடக்கு பிடித்து, 13 டிகிரி சாய்வு, நிலாவின் வேகம் என்று வைத்தால் சில வினாடிகளுக்குப் போதும். அச்சு இவ்வளவு தாழ்ந்திருந்தால் டிராக்கரின் எதிர்எடைத் தண்டு டிரைபாட் காலில் இடிக்கும், பகலிலேயே சுற்றிப் பார்த்துவிடு.

காசிமேட்டுக் கடல் ஈரமும் மார்கழிப் பனியும் சேர்ந்தால் கண்ணாடியில் ஆவி படியும். துடைக்காதே, உப்பு கோடு போடும். லென்ஸ் முகத்தைச் சுற்றி யு.எஸ்.பி. ஹீட்டர் பட்டை கட்டி, பவர் பேங்கில் மிதமான சூட்டில் ஓடவிடு. ஏ.சி. அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுவராதே.

ஒத்திகைக்குப் பிறைநிலா போதும். அதன் இருண்ட பக்கத்தில் பூமியின் ஒளி மங்கலாகத் தெரியும் அல்லவா, அதை எடுத்துப் பழகு. கிரகணம் அதைவிடவும் மங்கலாகலாம். அடுத்த மூன்றாம் பிறைக்கு எடுத்ததை ரா ஃபைலாகவே (கேமரா பதிந்த மூலக் கோப்பாக) அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்,
தண்டையார்பேட்டை