அரசு மருத்துவமனையின் பல் பிரிவைச் சரிசெய்து தரக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்
தேயிலைத் தோட்ட லைன் குடியிருப்பு மக்கள் சார்பாக,
மகளிர் சுய உதவிக் குழுச் செயலாளர்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம்,
உதகமண்டலம்.

பொருள்: எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் பழுதாகிக் கிடக்கும் பல் சிகிச்சைக் கருவிகளைச் சரிசெய்து, பல் மருத்துவரை முழு நேரமும் இங்கேயே பணியில் வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள். எதற்கும் பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பஸ் நிலையத்துக்கு மேலே மார்க்கெட் ஏற்றத்தில் இருக்கும் எங்கள் அரசு மருத்துவமனையைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் வண்டி அந்த ஏற்றத்தில் பலமுறை போயிருக்கும். உள்ளே மருந்து வாங்கும் ஜன்னலுக்கு எதிரே, ‘பல் மருத்துவப் பிரிவு’ என்று பலகை மாட்டிய ஒரு அறை இருக்கிறது. அந்த அறையைப் பற்றித்தான் இந்த மனு.

மருத்துவர்களையோ செவிலியர்களையோ குறை சொல்ல நாங்கள் வரவில்லை. இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். எங்கள் குறைகளை வரிசையாகத் தருகிறோம். தயவுகூர்ந்து படிக்க வேண்டுகிறோம்.

1. பல் நாற்காலியின் கம்ப்ரசர் பழுதாகிவிட்டது. அது காற்றை அழுத்தத்தோடு தந்தால்தான் சொத்தையைக் குடையும் கருவி சுற்றும். ஆகவே பல் அடைப்பதும் கிடையாது, வேர் சிகிச்சையும் கிடையாது. பிடுங்குவது மட்டும் உண்டு. பழுது பார்க்க கோவையிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது, ஆள் வரவில்லை.

2. பல் மருத்துவர் மாற்றுப் பணியில் வேறு மருத்துவமனைக்கும் போகிறார். திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும் இங்கே இருப்பார் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. முகாம், கூட்டம் என்று அதுவும் சில வாரங்களில் ஒரு நாளாகிவிடுகிறது.

3. எங்களை வதைப்பது இதுதான், ஐயா. பல் வலி நோட்டீஸைப் பார்த்து வருவதில்லை. திங்கட்கிழமை ராத்திரி வலி எடுத்தால், டாக்டர் வருவது வியாழன். செவ்வாய் காலை ஓ.பி. சீட்டு எடுத்து நின்றால் பொது மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் எழுதித் தருகிறார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். சாப்பிட்டால் வலி அடங்கும். வலி அடங்கியவர் வியாழக்கிழமை வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வருவாரா? அன்றைய கூலி போய்விடுமே. ஆனால் பல்லுக்குள் இருக்கும் சீழ் அங்கேயேதான் இருக்கிறது. நரம்பு செத்துப்போன பல்லுக்கு உள்ளே ரத்த ஓட்டம் இல்லை, மாத்திரையின் மருந்து அங்கே போய்ச் சேராது. பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல்லையே எடுக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது, ஒழுகுகிற கூரையை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பது போல.

கொஞ்ச நாளில் அதே பல் மறுபடி கிளம்புகிறது. இந்த முறை கன்னம் வீங்கியிருக்கும். வீக்கத்தோடு டாக்டர் இருக்கும் நாளில் போய் நின்றால், “இப்போது மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது, மாத்திரை சாப்பிட்டு வீக்கம் வற்றியதும் வாருங்கள்” என்கிறார்கள். சரி, வீக்கம் வற்றுகிறது. எப்போது? வெள்ளிக்கிழமை. மறுபடி திங்கள் வரை காத்திருக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமை டாக்டருக்கு முகாம்.

ராத்திரியில் இந்த வலி எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்வது கஷ்டம். படுத்தால் ரத்தம் தலைக்கு ஏறி விண் விண் என்று இன்னும் தெறிக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது வாயைத் திறந்து மூச்சு விட்டாலே பல் கூசும். குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்க முடியாது, சூடாக டீயும் குடிக்க முடியாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு எப்படிப்பட்டது என்று தங்களுக்குத் தெரியும், ஒரு வீட்டில் முனகினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கிராம்பு வைத்து, உப்பு வெந்நீரில் கொப்பளித்து, கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கி, காலையில் கூடையை மாட்டிக்கொண்டு மலைச் சரிவில் இலை எடுக்கப் போகிறார்கள். அந்த மாத்திரையை நாள் கணக்கில் தின்றால் வயிறும் சிறுநீரகமும் கெடும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் தின்கிறார்கள். வேறு என்ன செய்வார்கள்?

எங்கள் லைனில் ஒரு அக்கா, சர்க்கரை நோயாளி. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. மேலே சொன்ன சுற்று அத்தனையும் சுற்றினார். கடைசியில் ஒரு ராத்திரி தாடைக்கு அடியில் கல் மாதிரி வீங்கிவிட்டது. நாக்கு மேலே தூக்கிக்கொண்டது, எச்சிலை விழுங்க முடியவில்லை, பேச்சு குளறியது. ஜீப் பிடித்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறக்கினோம். பலாப்பழம் தின்ன யானை வரும் சீசன், வழியில் குஞ்சப்பனைக்குப் பக்கத்தில் ரோட்டில் யானை நின்றது. அது நகரும் வரை இவர் மூச்சு வாங்கிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தார். கோவையில் கழுத்தைக் கீறி சீழை வெளியே எடுத்தார்கள். தாடைக்கு அடியில் இறங்கும் சீழ் மூச்சுக் குழாயை நெருக்கிவிடும், இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று அங்கே சொன்னார்கள். பல் சொத்தையால் ஒரு மனுஷி சாகப் பார்த்தார், ஐயா. தொடக்கத்திலேயே அடைத்திருந்தால் நாற்காலியில் அரை மணி நேர வேலை அது.

இதைப் பற்றியும் எழுதிக் கொடுத்தோம். சீல் வைத்து வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஒன்றுமில்லை.

4. பிள்ளைகள். முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கிறது. எந்தப் பால் பல்லும் விழாமல் வருவதால், அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைக்கிறார்கள். விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை போட்ட டீயில் வர்க்கியை நனைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள் இவர்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு நன்றாகவே பார்க்கிறது, சொத்தையைக் கண்டுபிடித்துச் சீட்டு எழுதித் தருகிறது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு எங்கே போவது? எங்கள் மருத்துவமனைக்குத்தான். அங்கே கம்ப்ரசர் ஓடவில்லை. அடைத்துக் காப்பாற்ற வேண்டிய பல்லைப் பத்துப் பதினொரு வயதில் பிடுங்கிக்கொண்டு வருகிறது பிள்ளை. வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது, இன்னொன்று முளைக்காது.

5. தோட்டத்தில் குளிருக்கும் மழைக்கும் வெற்றிலை பாக்கு புகையிலை போடும் பழக்கம் பழையது. 2013 முதல் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வெற்றிலைப் பெட்டிக்குத் தடை இல்லை. புகையிலை இல்லாத வெறும் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்லிவிட்டது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்காமை, இதையெல்லாம் முதலில் பார்க்கக்கூடியவர் பல் மருத்துவர். எங்கள் வயதான பெண்களின் வாயைப் பார்க்க ஆள் இல்லை.

6. “பல்லை ஒழுங்காகத் தேய்த்தால் ஏன் சொத்தை வருகிறது?” என்று முன்பு மனு வாங்கிய ஒருவர் கேட்டார். தேய்க்கிறோம், ஐயா. காலையும் ராத்திரியும் ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டில் தேய்க்க வேண்டும் என்று எங்கள் குழுக் கூட்டத்திலேயே சொல்லித் தருகிறோம். சாம்பலும் செங்கல் தூளும் வேண்டாம், அது பல்லைத் தேய்த்துவிடும் என்று பாட்டிகளிடம் சண்டை போட்டு நிறுத்தியிருக்கிறோம். ஆனால் விழுந்துவிட்ட ஓட்டை தேய்த்தால் மூடாது. அதற்கு நாற்காலி வேண்டும், கருவி வேண்டும், ஆள் வேண்டும்.

7. உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் திறந்து வைத்தார். எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் ஒரு பல்லை அடைக்க உதகைக்கு ஏறுங்கள், இல்லை மேட்டுப்பாளையத்துக்கு இறங்குங்கள் என்று சொல்வது நியாயமா? ஒரு நாள் கூலி போகிறது, துணைக்கு வருகிறவர் கூலியும் போகிறது. வேர் சிகிச்சை என்றால் ஒரு தடவையில் முடியாது, மறுபடி மறுபடி வரச் சொல்வார்கள். சீசனில் டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே பஸ் எப்போது போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. வீங்கிய கன்னத்தைச் சால்வையால் கட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு போகிறார்களே, அவர்கள் பக்கத்தில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்ததிலிருந்து பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நன்றி மறக்க மாட்டோம். அப்படிச் செய்ய முடிந்த அரசுக்கு ஒரு கம்ப்ரசரைப் பழுது பார்க்க முடியாதா? ஏன் முடியவில்லை என்றாவது யாராவது எங்களிடம் சொல்லக் கூடாதா?

வார்த்தை கூடியிருந்தால் மன்னிக்கவும். வலியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் புதுக் கட்டிடம் கேட்கவில்லை. பழுதான கம்ப்ரசரைச் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள். பல் மருத்துவரின் மாற்றுப் பணியை ரத்து செய்து வாரம் முழுவதும் இங்கேயே இருக்கச் செய்யுங்கள். அது நடக்கும் வரை, வாரம் ஒரு முறையாவது நடமாடும் பல் மருத்துவ ஊர்தியைத் தோட்டப் பகுதிக்கு அனுப்புங்கள். வேலை முடியும் நேரம் பார்த்து, மாலை மூன்று மணிக்கு மேல் வந்தால் கூலி போகாமல் எல்லாரும் வருவார்கள். சர்க்கரை நோயாளிகளின் ஈறையும் பல்லையும் அவர்கள் மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும் நாளிலேயே பார்க்கச் சொல்லுங்கள். ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படாது, சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

இவற்றில் ஒன்றை மட்டும்தான் உடனே செய்ய முடியும் என்றால் கம்ப்ரசரைச் சரிசெய்யுங்கள், ஐயா. அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் செய்யுங்கள். மழை பிடித்து, மண் சரிந்து ரோடு அடைபட்டால் எங்களால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது.

இந்த மனுவுக்காவது எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். செய்ய முடியும் என்றால் எந்தத் தேதிக்குள், முடியாது என்றால் என்ன காரணம் என்று இரண்டு வரி போதும். லைனில் எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மகளிர் சுய உதவிக் குழுச் செயலாளர்
(குடியிருப்பு மக்களின் கையொப்பங்களும் கைரேகைகளும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)