ஸ்னூக்கர் லீக் குழுக்களுக்கு: முதலில் மேசையை அளந்து பாருங்கள்

அமெச்சூர் ஸ்னூக்கர் லீக்குகளை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். ஒவ்வொரு சீசனிலும் ஹேண்டிகேப் பட்டியலுக்காக, அதாவது ஆட்டத்தைச் சமமாக்க யாருக்கு எத்தனை புள்ளி முன்கூட்டியே தருவது என்பதற்காக, மணிக்கணக்கில் விவாதிக்கிறீர்கள். அதற்கு அடிப்படையான ஆட்டப் புள்ளிகள் எந்த மேசையில் எடுக்கப்பட்டவை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தாராளமான பாக்கெட்டில் 40 பிரேக் (ஒரே முறையில் தொடர்ந்து எடுக்கும் புள்ளிகள்) எடுப்பவரும் இறுக்கமான பாக்கெட்டில் 25 எடுப்பவரும் ஒரே தரத்தவராக இருக்கலாம். மேசையை அளக்காமல் ஆளை அளப்பது நியாயமே இல்லை.

பந்துகளில் தொடங்குங்கள். செலவு குறைவு, பலன் உடனே தெரியும். விதிப்படி விட்டம் 52.5 மி.மீ.; 0.05 மி.மீ. கூடலாம், குறையலாம். ஒரு செட்டுக்குள் எடை வித்தியாசம் 3 கிராமைத் தாண்டக் கூடாது. 0.1 கிராம் காட்டும் தராசும் ஒரு மைக்ரோமீட்டரும் இருந்தால் 22 பந்துகளையும் ஒரே அமர்வில் பார்த்துவிடலாம். பெரும்பாலும் தேறாமல் போவது வெள்ளைப் பந்துதான். ஒவ்வொரு அடியும் அதன் மேல்தான் விழுகிறது, அதனால் முதலில் தேய்வதும் அதுவே. தேய்ந்ததும் வேறொரு செட்டின் வெள்ளையை எடுத்து வைத்துவிடுகிறார்கள். எடை குறைந்த வெள்ளை ஸ்க்ரூவில் (மோதியபின் பின்னால் வரும்படி அடிக்கும் அடி) தேவைக்கு மேல் பின்வாங்கும். எடை கூடியது, ஸ்டன் (மோதிய இடத்திலேயே நிற்கும்படி அடிக்கும் அடி) அடித்தாலும் நிற்காமல் முன்னே நகரும். தினமும் அதில் ஆடும் அணிக்கு அது கைப்பழக்கம். வெளியிலிருந்து வருபவருக்கோ ஃபிரேம் (ஒரு சுற்று ஆட்டம்) முழுக்கப் பொசிஷன், அதாவது அடுத்த அடிக்கு வெள்ளை நிற்க வேண்டிய இடம், தவறும். எடை ஒத்துப்போகாத வெள்ளை என்றால் செட்டையே மாற்ற வேண்டும் என்று விதி எழுதுங்கள்.

பாக்கெட்டை டேப் வைத்து அளந்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். வாயின் அகலம் ஒன்றாக இருந்தாலும் குஷன் (மேசை ஓரத்து ரப்பர்) முனையின் வளைவு, அதன் அடிப்பக்கச் சரிவு, ஸ்லேட் (துணிக்கு அடியிலுள்ள கற்பலகை) விளிம்பு இறங்கும் இடம் ஆகிய மூன்றும் மாறினால் ஒரு மேசை பந்தை விழுங்கும், இன்னொன்று துப்பும். அதனால்தான் பாக்கெட்டின் வடிவத்தில் வைத்து ஒப்பிடும் அச்சான டெம்ப்ளேட் தேவை. லீக் முழுவதற்கும் ஒரே டெம்ப்ளேட் போதும். எல்லா மேசைகளையும் அதே ஒன்றால் பாருங்கள்.

துணியின் ரோமம் பாக் கோட்டுப் (ஆட்டம் தொடங்கும் முனையில் குறுக்கே போடப்பட்ட கோடு) பக்கமிருந்து கறுப்புப் பந்துப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். நடுப் பாக்கெட்டுக்கு மெதுவாக அடித்த பந்து கறுப்புப் பக்கம் ஒதுங்குவது இதனால்தான். பிரஷ்ஷும் இஸ்திரியும் அதே திசையில் மட்டுமே போக வேண்டும். இஸ்திரி போட்டதும் மேசையின் வேகம் கூடும். ஆகவே இரு அணிகளும் பயிற்சி அடிப்பதற்கு முன்பே அந்த வேலை முடிந்திருக்க வேண்டும். இடையில் போடுவது அநியாயம்.

வேகத்தை அளக்க ஒரு மரச் சரிவுப் பலகை போதும். ஒரே உயரத்திலிருந்து, ஒரே பந்தை, பாக் கோட்டிலிருந்து கறுப்புப் பக்கம் ஐந்து முறை உருட்டுங்கள். குஷனில் பட்டுத் திரும்பி எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். ரப்பர் இறுகியிருந்தால் இதில் தெரிந்துவிடும். பக்கவாட்டில் விலகி ஓடினால் ஸ்லேட்டின் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவையும் மேசைக்கு ஒரு அட்டையாக எழுதி, சீசன் தொடங்கும் முன்பும் நடுவிலும் புதுப்பித்து, வரும் அணிக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். அட்டையில் தேறாத மேசையில் லீக் ஆட்டம் வைக்காதீர்கள். வேறு மேசை இல்லாவிட்டால் எதிரணியின் இடத்தில் நடத்துங்கள். ஹேண்டிகேப் கூட்டத்தில் அந்த அட்டைகள் முன்னால் இருக்கட்டும்.

இப்படிக்கு,
லீக்கில் ஆடுபவர்களும் நடுவர்களும்