விசா மறுப்புக்குப் பின் அவசரம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரிட்டனில் படிக்க இடம் கிடைத்தும் மாணவர் விசா மறுக்கப்பட்ட பிள்ளைகள், மறுப்புக் கடிதத்தை முழுமையாகப் படிக்காமலே அதே ஆவணங்களுடன் மீண்டும் விண்ணப்பிப்பதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சாட்ஸ்வர்த்தில் பார்த்து வருகிறேன். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு விசா மறுக்கப்பட்டதற்குக் காரணம், தாயின் வங்கிக் கணக்கில் கார்த் தவணை கழிந்து, சம்பளம் வரும்வரை இருப்பு குறைந்திருந்ததுதான். படிப்புக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் தேவையான தொகை கணக்கில் தொடர்ந்து 28 நாள்கள் குறையாமல் இருக்க வேண்டும், அந்தக் காலம் முடிந்து 31 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. பவுண்டுக்கு எதிராக நம் ராண்ட் நாணயத்தின் மதிப்பு ஏறி இறங்குவதால் சற்றுக் கூடுதலாகவே வைத்திருப்பது நல்லது. பெற்றோரின் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் அவர்களது சம்மதக் கடிதமும் வேண்டும்.

அதிகாரி தவறிழைத்திருந்தால் 28 நாள்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம். ஆனால், விட்டுப்போன ஆவணத்தைப் பொதுவாக அதில் சேர்க்க இயலாது என்பதால், குறை நம் பக்கம் இருந்தால் புதிய விண்ணப்பமே வழி. பழைய சேர்க்கை உறுதிச் சான்று ஒருமுறைக்குத்தான் செல்லும் என்பதால், பல்கலைக்கழகத்திடம் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டும்.

முந்தைய மறுப்பை மறைத்துவிடுமாறு சில முகவர்கள் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அது ஏமாற்று எனத் தீர்மானிக்கப்பட்டால் 10 ஆண்டுகள் வரை தடை வரக்கூடும். பெற்றோர் இதற்கு ஒருபோதும் இணங்கக் கூடாது. இவ்விதிகளைத் தங்கள் இதழ் விரிவாக வெளியிட்டால் பல குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.