மகளுக்கு, உயில் குறித்து

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. உன் ஆத்தாவுக்கு முழங்கால் வலி முன்பு போலத்தான் இருக்கிறது, வேறு குறையில்லை. இந்த விஷயத்தைப் போனில் தொடங்கினால் நீ உடனே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய் என்பதால் எழுத்தில் கேட்கிறேன். பெங்களூரு வீட்டுக்கு உயில் எழுதி வைத்திருக்கிறாயா?

இந்த வயதில் உயில் எதற்கு என்று நீ நினைக்கலாம். தேவகோட்டை நீதிமன்றத்தில் வழக்கறிஞராக வாழ்நாளைக் கழித்தவன் சொல்வதைக் கேள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, திருமணமாகாத, பிள்ளைகளும் இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் போனால், அவள் தானாகச் சம்பாதித்த சொத்து பெற்றோருக்கும், பெற்றோர் இல்லாதபோது தந்தையின் வாரிசுகளுக்கும் போகும். அதாவது இன்று எங்களுக்கு, நாளை நம் பங்காளிகளுக்கு. இத்தனை ஆண்டுகளாக உன்னோடு அந்த வீட்டில் இருந்து, தவணையில் பாதியைத் தன் சம்பளத்திலிருந்து கட்டிவரும் பெண்ணுக்குச் சட்டம் அங்கே எந்த இடமும் வைக்கவில்லை. பெரியப்பச்சி காலமான பின் வளவில் நடந்த பேச்சை நீயும் கேட்டுக்கொண்டுதான் நின்றாய்.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். நானும் அதைப் படித்துவருகிறேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய, 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை வெள்ளைக்காரர்கள் இங்கே மட்டும் வைத்துவிட்டுப் போகவில்லை. நம் ஐயாக்கள் கடை வைத்திருந்த ரங்கூனிலும் பினாங்கிலும் அதே எண்ணோடு அதே பிரிவு இருந்தது, அந்த நாடுகளின் சட்டத்தில் அந்தத் தடை இன்றும் இருக்கிறது. சிங்கப்பூர் 2022 இறுதியில்தான் 377-ஏ பிரிவை நீக்கியது. நீக்கிய கையோடு, திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசியலமைப்பையும் திருத்திக்கொண்டது.

இங்கே 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தந்த விடுதலையை 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த டிசம்பரில் நீ கல்லூரியிலிருந்து ஊருக்கு வந்து, யாரோடும் பேசாமல் மாடியிலேயே இருந்தாய். தேர்வு சரியாக எழுதவில்லை போலும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தப் பிரிவின் பிடியை அகற்றினார்கள். அவர்களில் ஒருவரான நீதிபதி இந்து மல்கோத்ரா, இத்தனை காலம் தாமதித்ததற்காக இம்மக்களிடமும் அவர்களுடைய குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். குடும்பங்களையும் அவர் நினைத்துப் பார்த்தாரே என்று உன் ஆத்தாவிடம் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள்.

குற்றமில்லை என்று ஆனதே தவிர, உறவு என்று இன்னும் ஆகவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வின் ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள்; திருமணம் என்ற பெயரில்லாமல் சேர்ந்து வாழ்வதற்காவது சட்ட ஏற்பு வேண்டும் என்றவர்கள் இருவர், மறுத்தவர்கள் மூவர். அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த ஏப்ரலில், 400க்கும் மேற்பட்ட பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்காகத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதியதைச் செய்தித்தாளில் படித்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் என் கையெழுத்தும் இருந்திருக்கும். அப்பச்சி கையெழுத்துப் போட மாட்டார் என்று நீயாகவே முடிவு செய்துகொண்டது எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

நம்மவர்களுக்கு இது முற்றிலும் புதிய கதையும் அல்ல. செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றில் 1930களில் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சடங்கு இல்லை, ஆகவே மனைவி இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தபோது, இனி நடப்பவற்றை மட்டுமல்லாமல், முன்பு நடந்து முடிந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லும் என்று ஆக்கினார்கள். சட்டத்தால் பின்னோக்கியும் கை நீட்ட முடியும் என்பதை நான் என் தொழிலில் கண்டிருக்கிறேன், அந்த நம்பிக்கையை விடவில்லை. நகரக் கோயிலில் புள்ளி எழுதுவது, அதாவது மணமானவர்களை ஒரு குடும்பமாகக் கணக்கில் சேர்ப்பது, வேறு. அதை உனக்கு வாங்கித்தர என்னால் முடியாது. உன் ஆத்தாவின் மனக்குறை அதில்தான் இருக்கிறது. எனக்கு உயில்தான் கவலை.

நம் உயர் நீதிமன்றம் இதில் நல்ல வழியே காட்டியிருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்குச் சென்ற இரண்டு பெண்களைக் காணவில்லை என்று பெற்றோர் போலீசில் புகார் கொடுத்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கே இது முழுமையாக விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்து, 2021 ஜூன் 7 அன்று ஆணையிட்டார். இயல்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்வதற்கு அதில் தடை விதித்தார். 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்று மட்டுமே வழியல்ல என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்த ஆணைகளைக் காட்டி வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாற்ற முடியாது.

ஆகையால் உயிலை எழுது. வங்கியில் இருவரும் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளவும், ஒருவரை ஒருவர் நாமினியாகக் குறிக்கவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியிருக்கிறது, அதையும் செய். அது போதும் என்று இருந்துவிடாதே. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, உரிமை வாரிசுக்குத்தான் என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் உன்னைவிட இளையவர்களாக இருக்கட்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்துவிடு. பங்காளிகள் முதலில் கையெழுத்தைத்தான் சந்தேகிப்பார்கள். அவளையும் உன் பெயருக்கு ஓர் உயில் எழுதச் சொல்.

நீ வீடு வாங்கியபோது அனுப்பிய மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வரி வரியாகப் பார்த்தேன். ஒரு பிசகு இல்லை. யாரிடமும் கைமாற்று வாங்காமல் வாங்கிய வீடு என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு கவனமாக இருந்தவள் இதை மட்டும் ஏன் தள்ளிப்போடுகிறாய்?

வரைவை நானே எழுதுகிறேன். என் உயிலிலும் ஒரு பத்தி சேர்க்க வேண்டியிருக்கிறது: சட்டப்படி எனக்கு உன் வீட்டில் எப்போதாவது உரிமை வந்தால், அது அவளைச் சேர வேண்டும் என்று. உன் ஆத்தாவும் அப்படியே எழுதச் சம்மதித்துவிட்டாள். ஆதாரில் இருக்கிறபடி அவளுடைய முழுப் பெயர், அவளுடைய தகப்பனார் பெயர், பிறந்த தேதி மூன்றையும் எழுதி அனுப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும்.

இப்படிக்கு,
அப்பச்சி