நம்ம ஊர் ஸ்டேஷன் கதைக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

ஊரிலும் வெளியூரிலும் இருக்கும் சொந்தபந்தங்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

பொள்ளாச்சி ரயில் இப்போதும் நம்ம ஊரைத் தாண்டித்தான் போகிறது, நிற்பதில்லை. போத்தனூரை விட்டால் கிணத்துக்கடவு, அதை விட்டால் பொள்ளாச்சிதான். பழைய மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதை அகலப்பாதையாக மாறி, 2017-ல் வண்டி ஓட ஆரம்பித்தபோது நம்ம சின்ன ஸ்டேஷன் திரும்பி வரவில்லை.

ஸ்டேஷனைத் திரும்பக் கேட்பது வேறு விஷயம். அதற்கு மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. இப்போது கேட்பது, அதன் கதையை ஒரு புத்தகமாகப் போட்டு, கிடைத்த சாமான்களை நூலகத்தின் பின் அறையில் வைப்பதற்கு.

1915-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டது. 1928-ல் அது திண்டுக்கல் வரை நீண்டதும் பழனி, மதுரை, ராமேஸ்வரம் எல்லாம் பக்கத்தில் வந்த மாதிரி ஆகிவிட்டது. வியாழக்கிழமை சந்தைக்குக் கூடையோடு ஏறியவர்கள், தைப்பூசத்துக்குக் காவடியோடு ஏறியவர்கள், அஸ்திக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு ராமேஸ்வரம் போக ஏறியவர்கள் என எல்லோரும் நின்ற இடம் அந்தப் புளியமரத்தடிதான்.

ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த பெரியவர் ஒருவரிடம் இரண்டு பொழுது உட்கார்ந்து பேசினோம். நிற்காமல் வரும் வண்டியின் டிரைவருக்குப் பிரம்பு வளையத்தை நீட்டுவதை எழுந்து நின்று நடித்தே காட்டினார். அந்த வளையத்தின் பையில்தான் டோக்கன் இருக்கும். அது கைக்கு வராமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பக் கூடாது. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வராமல் காத்தது அதுதான். "கை தப்புனா வண்டி நின்னுரும், அப்புறம் எனக்கு மெமோதான் கண்ணு" என்று சிரித்தார். இப்படிச் சொல்ல இன்னும் நான்கைந்து பேர்தான் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எண்பதுக்கு மேல். அதனால்தான் இந்த அவசரம்.

300 பிரதி அச்சடிக்கவும், கண்ணாடி அலமாரி இரண்டு செய்யவும், பழைய படங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போடவும் 1,40,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கையில் 52,000 சேர்ந்திருக்கிறது. நூறு ரூபாயானாலும் சரி, ரசீது உண்டு. வரவு செலவை மாதக் கடைசியில் மாரியம்மன் கோயில் பலகையில் ஒட்டிவிடுவோம். மிச்சம் இருந்தால் நூலகத்துக்கே.

பணத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தில் குழுவினரிடம் கொடுக்கலாம். வெளியூரில் இருப்பவர்கள் ஊரில் உள்ள வீட்டாரிடம் கொடுத்துவிட்டால் போதும்.

பணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பொருளாகக் கொடுங்க. ஒரு அம்மாயியின் சுருக்குப்பையிலிருந்து தேதி குத்திய அட்டை டிக்கெட் கிடைத்தது. தீப்பெட்டி அட்டையைவிடக் கெட்டி. ஆனால் ஸ்டேஷன் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி ஒரு படம்கூட இன்னும் சிக்கவில்லை. உங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. மாப்பிள்ளை அழைப்புக்கு ரயிலில் வந்து இறங்கியவர்கள் நம்ம ஊரில் நிறையப் பேர்.

இப்படிக்கு,
குழுவினர்