வேல்ஸ், கார்மார்த்தனிலிருந்து அம்மா

அன்புள்ள கண்ணனுக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் அப்புறம்.

நம் மருமகள் மெகனுடைய டிஎன்ஏ சோதனை முடிவை அனுப்பி, "பாதிக்கு மேல் இங்கிலீஷ்காரியாம், இவளா செல்ட்?" என்று கேலியாக எழுதியிருந்தாய். அவளிடமும் இப்படியேவா சொன்னாய்? சொல்லியிருக்க மாட்டாய்.

அப்பாவிடம் காட்டினேன். பிரசங்கம் ஆரம்பித்துவிட்டார். வெல்ஷ்காரர், ஐரிஷ்காரரையெல்லாம் செல்ட் என்கிறார்களே, ரத்தத்தில் அப்படி ஒரு தனி இனமே கிடையாதாம். 2015-ல் வெளிவந்த மரபணு ஆய்வில் வேல்ஸும் கார்ன்வாலும் ஸ்காட்லாந்தும் ஒன்றுக்கொன்று வேறாகத்தான் இருந்தனவாம். வேல்ஸுக்குள்ளேயே வடக்கு வேறு, தெற்கு வேறு. சீசர் செல்ட் என்று எழுதியதுகூட கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த கால் (Gaul) நாட்டவர்களைத்தான். வெல்ஷும் கார்னிஷும் பிரெட்டனும் ஐரிஷும் சொந்தக்கார மொழிகள் என்று எட்வர்ட் லூயிட் என்ற வெல்ஷ் அறிஞர் 1707-ல் புத்தகம் போட்டார். செல்ட் என்ற பெயர் இந்தத் தீவில் பரவியது அதற்குப் பிறகுதானாம். ஆக, மொழியை வைத்து வந்த உறவு. அந்த வெல்ஷ் மொழி மெகன் வீட்டில் இன்னும் அடுப்படி வரைக்கும் புழங்குகிறது. அவளிடம் போய்ச் சதவீதம் பேசலாமா?

19-ஆம் நூற்றாண்டில் இங்கே சில பள்ளிக்கூடங்களில் வெல்ஷ் பேசின பிள்ளை கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டுவார்கள். அடுத்து யார் பேசி மாட்டிக்கொள்கிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது போகும். சாயங்காலம் யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. அதையும் தாண்டி, 2021 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்துக்கு மேல் வெல்ஷ் பேசுகிறவர்கள் இருந்தார்கள்.

உனக்கு இதெல்லாம் தெரியாதா? மார்ச் 1-ஆம் தேதி, புனித டேவிட் நாளில், சட்டையில் டாஃபடில் பூ குத்திக்கொண்டு, ஐஸ்டெத்வோட் என்ற வெல்ஷ் கலைவிழா மேடையில் வெல்ஷ் பாட்டுப் பாடிப் பரிசு வாங்கினவன் நீ. தலைமையாசிரியர் அப்பா கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்போது பிரிஸ்டலில் அதுவும் போச்சு, தமிழும் போச்சு. குட்டியிடம் அவள் வெல்ஷில் பேசட்டும், நீ தமிழில் பேசு. கேலி மட்டும் வேண்டாம்.

முன்பெல்லாம் போன் போட்டால் பின்னாலிருந்து "வணக்கம் அத்தை" என்று கத்துவாள். இப்போது சத்தமே இல்லை. வேலை இருக்கும். மெர்த்திர் மாமா வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். அங்கேயும் கேலியில்தான் ஆரம்பித்தது. கேலி வேண்டாம் கண்ணா.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமை இட்லிக்குப் போடப் போகிறேன். வருவதானால் மூன்று பேரும் வாருங்கள். எத்தனை பேருக்கு ஊறப்போட என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அம்மா