103 கார்டு பற்றி அம்மா எழுதுவது

சேரன்மகாதேவி
ஐப்பசி கடைசி

அன்புள்ள சங்கரனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நிறையப் போகிறது, பிசான நடவு ஒரு பக்கம் நடக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. வலிக்கிறது என்று சொல்வதைத்தான் இன்னும் நிறுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணவில்லை. மருமகளிடம் கேட்டேன். "கோல்ஃப்ல ஸ்கோர் சரியில்ல அத்தை, அவுக மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்காக" என்றாள். கேட்டதும் அந்த ஸ்கோர் கார்டை போட்டோ எடுத்து அனுப்பியும் விட்டாள். அவளைத் திட்டாதே. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கோல்ஃப் ஆடியவள் இல்லை. ஆனால் கூட்டுறவு வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்து ரிட்டயர் ஆனவள். சாயங்காலம் கணக்கு உதைத்தால், எந்த வரியில் உதைக்கிறது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வர முடியாது. மொத்தத்தைப் பார்த்துக்கொண்டு வருத்தப்பட்டால் பஸ்ஸும் போய்விடும். நீ அந்தக் கார்டில் மொத்தத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாய்.

போட்டோவைப் பெரிதாக்கி, பழைய பழக்கத்தில் ஒரு தாளில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். மைதானத்தின் பார், அதாவது நன்றாக ஆடுகிறவன் பதினெட்டுக் குழியையும் முடிக்க வேண்டிய ஷாட் கணக்கு, 72. நீ ஆடியது 103. கூடுதல் 31 ஷாட். அதில் பாதிக்கு மேல் நாலே நாலு குழிகளில் போயிருக்கிறது. நாலு ஷாட்டில் முடிக்க வேண்டிய பார் 4 குழிகள் இரண்டில் எட்டு எட்டு. இன்னொரு பார் 4-ல் ஏழு. ஒரு பார் 5-ல் பத்து. அந்த நாலில் மட்டும் 16. மீதி 14 குழிகளுக்கும் சேர்த்து வெறும் 15. அதாவது அந்த 14 குழிகளில் நீ கிட்டத்தட்ட குழிக்கு ஒரு போகி, அதாவது பாருக்கு மேல் ஒரே ஒரு ஷாட், போடுகிற ஆள். பதினெட்டிலும் போகி போட்டால் 90 என்று உனக்கே தெரியும். நூறுக்குள் வர வேண்டும், நூறுக்குள் வர வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் புலம்புகிறாயே, 90-ஐ ஒட்டிய ஆட்டம் ஏற்கெனவே உன் கையில் இருக்கிறது. அந்த நாலு குழிகளிலும் டபுள் போகியோடு, அதாவது இரண்டு கூடுதலோடு, நிறுத்தியிருந்தால் 95.

பத்து எப்படி வந்தது என்று மருமகளிடம் கேட்டு வாங்கினேன். நீ அவளிடம் ஷாட் ஷாட்டாகப் புலம்பியிருக்கிறாய், பாவம். டீயில், அதாவது குழிக்கு ஆட்டம் தொடங்குகிற இடத்தில், இருந்து அடித்த முதல் பந்து எல்லைக்கு வெளியே. அது ஒன்று, அபராதம் ஒன்று. மறுபடி அங்கேயே வைத்து அடித்த மூன்றாவது மரங்களுக்குள். அது வரைக்கும் பிழையில்லை, யாருக்கும் நடக்கும். நாலாவதுதான் விஷயம். இரண்டு மரத்துக்கு நடுவே இருந்த இடுக்கு வழியாக, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கிறதே, அந்த கிரீனைப் பார்த்து ஓங்கி அடித்தாய். பந்து மரத்தில் பட்டு உன் காலடிக்கே வந்தது. ஐந்தாவதும் அதே இடுக்கு, அதே மரம். ஆறாவதில்தான் பக்கவாட்டில் தட்டி, நடுவே புல் வெட்டிய பாதையான ஃபேர்வேக்கு வந்தாய். ஏழாவது பங்கர் என்கிற மணல் பள்ளத்தில், எட்டாவது கிரீனில், பிறகு குழியை நோக்கி உருட்டித் தட்டுகிற பட் இரண்டு. நாலாவதிலேயே பக்கவாட்டில் தட்டியிருந்தால், பங்கருக்குள் போனதையும் சேர்த்தே 8-ல் முடிந்திருக்கும்.

ராசா, அந்த ஐந்தாவது ஷாட் எனக்கு நன்றாகத் தெரிந்த ஷாட். எட்டாம் வகுப்பில் ஒரு கணக்கு வரவில்லை என்று பக்கத்தைக் கிழித்துவிட்டு, மறுபடி அதே வழியில் போட்டு, அதையும் கிழிப்பாயே, அதேதான். உனக்கு அடிக்கத் தெரியாமல் 103 வரவில்லை. ஒரு ஷாட் கெட்டுப்போனதும் அதை அடுத்த ஷாட்டிலேயே ஈடுகட்டிவிட வேண்டும் என்கிற வேகத்தில் வந்தது.

தாத்தாவின் வயல் ஞாபகம் இருக்கிறதா? மடை நிறையத் தண்ணீர் பாயும், காலையில் போய்ப் பார்த்தால் வயலில் சேறுதான் இருக்கும். பக்கத்து வயல்காரர் மடையை இன்னும் அகலமாக வெட்டச் சொல்வார். தாத்தா கேட்க மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பைச் சுற்றி வந்து, எங்கே நண்டு வளை இருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். மண்ணில் விரல் பருமன் ஓட்டைதான் தெரியும், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் சத்தமில்லாமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். களிமண்ணை வைத்துக் குதிகாலால் மிதித்து அடைத்துவிட்டு வருவார். அவ்வளவுதான், வயல் நிறைந்துவிடும். உன் கார்டில் நாலு நண்டு வளை.

தூரம் அடிக்கிற பெரிய மட்டை, டிரைவர், புதிதாக வாங்கியிருக்கிறாயாம். விலையை மருமகள் சொல்லவில்லை, சொல்லாததிலிருந்தே புரிந்துகொண்டேன். தூரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 200 கெஜம் அடிப்பவனைவிட 240 அடிப்பவனுக்கு அடுத்த ஷாட் சுலபம், அதை யார் மறுப்பது? ஆனால் எல்லை தாண்டிப் போன பந்து 300 கெஜம் போனால் என்ன? அது இரண்டு ஷாட்டைத் தின்றுவிட்டு, உன்னைப் புறப்பட்ட இடத்திலேயே நிறுத்துகிறது. பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. டீயில் டிரைவரைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. வலது பக்கம் வேலி நெருக்கமாக இருக்கிற குழிகளில் ஹைபிரிட், அயன் என்கிற சின்ன மட்டைகளில் ஒன்றை எடு. கூட ஆடுகிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், கார்டில் சிரிப்புக்குக் கட்டம் கிடையாது.

ஆட்டக்காரனின் திறமைக்குப் போடுகிற எண், ஹேண்டிகேப், குறையக் குறைய நல்லதாம், அது குறையவே மாட்டேன் என்கிறது என்று தீபாவளியன்று சொன்னாய். அதையும் படித்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்த கணக்கு அது. 2020-லிருந்து உலகம் முழுக்க ஒரே முறை: கடைசி 20 ஆட்டங்களில் நன்றாக வந்த 8-ஐ மட்டும் எடுத்து சராசரி போடுகிறார்கள். அதையும் அப்படியே எடுக்காமல், மைதானம் கடினமானதா லேசானதா என்பதற்கு ஸ்லோப் என்று ஓர் எண் வைத்து, 113-ஐ அடிப்படையாகக் கொண்டு சரிக்கட்டுகிறார்கள். ஒரு குழியில் பத்தோ பன்னிரண்டோ போட்டால்கூட, ஹேண்டிகேப் கணக்கில் அதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, அதற்கு மேல் எழுத மாட்டார்கள். கருணையுள்ள மனுஷன் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறான். ஆனால் ஒன்றைக் கவனி. நல்ல எட்டை மட்டும் எடுப்பதால், அது நீ எவ்வளவு நன்றாக ஆட முடியும் என்பதைக் காட்டும் எண். சாதாரண சனிக்கிழமை நீ எப்படி ஆடுவாய் என்பதைக் காட்டுவதில்லை. அதனால் பெரும்பாலான நாள் அதைவிட மோசமாகத்தான் வரும், எல்லோருக்கும் அப்படித்தான். அதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்தால் ஐந்து வாரத்தில் நாலு வாரம் தூக்கித்தான் வைத்திருக்க வேண்டும்.

பட்டிங்குக்கு வருகிறேன். போன மே மாதம் வந்திருந்தபோது தார்சாவில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்துப் பழகினாயே. சிவப்புத் தரையில் பந்து உருளுகிற சத்தம் அப்பாவுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது, எனக்கு வேடிக்கையாக இருந்தது. நேராகத்தான் தட்டினாய், பந்து பாதி தூரம் வரை ஒழுங்காகப் போய், வேகம் குறையக் குறைய முற்றத்துப் பக்கம் சாய்ந்தது. "தரை கோணலாம்மா?" என்று கேட்டாய். கோணல் இல்லை, கழுவிவிட்ட தண்ணீர் முற்றத்துக்கு ஓட வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் வைத்த தரை அது. மைதானத்து கிரீனுக்கும் மழைத் தண்ணீர் வடிய வாட்டம் வைத்துத்தானே போடுகிறார்கள். நீ அங்கே பந்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதற்கு முன்னால், கிரீனுக்கு நடந்து வரும்போதே, இங்கே ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துக்கொண்டே வா. பந்து மெதுவாகும்போது அந்தப் பக்கம்தான் இழுக்கும்.

ஆறடி பட் தவறிவிட்டது என்று நீ தலையில் அடித்துக்கொள்வதுதான் எனக்குப் புரியவில்லை. அதையே பிழைப்பாக வைத்திருக்கும் பெரிய ஆட்டக்காரர்களே எட்டடியிலிருந்து இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள். குழியின் வாய் நாலேகால் அங்குலம், அவ்வளவுதான். மூன்று பட் ஆன குழிகளைப் பற்றி மருமகள் சொன்னதைக் கேட்டால், ஆறடியில் தவறியது இரண்டாவது பட். முதல் பட்டை 30, 40 அடியிலிருந்து அடித்து ஆறடி தள்ளி நிறுத்தியதுதான் காரணம். அதனால் பழகுவதாக இருந்தால் தூரத்திலிருந்து அடித்து, குழிக்கு ஒரு முழத்துக்குள் நிறுத்தப் பழகு. போடவே வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். ஒரு வாளி பந்து வாங்கி மொத்தத்தையும் டிரைவரில் அடித்துத் தீர்ப்பதைவிட இதற்குச் செலவும் குறைவு, இடுப்பும் பிழைக்கும்.

எனக்கு இந்த ஆட்டம் கொஞ்சமாவது புரிந்தது 2021 ஆகஸ்ட் 7 அன்று. டோக்கியோ ஒலிம்பிக். அதிதி அசோக் என்று பெங்களூர்ப் பெண் கடைசி நாள் இரண்டாவது இடத்தில் இருக்கிறாள் என்று கேட்டு, விடிகாலையில் எழுந்து டிவி போட்டேன். அதுவரை கோல்ஃப் என்றால் எனக்கு கொடைக்கானல்தான். 1895-லிருந்து அங்கே கிளப் இருக்கிறது, உள்ளே காட்டெருமை மேயும் என்பார்கள். அப்பாவுக்கு இன்றைக்கும் அது "புல்லில் நடக்கக் காசு கொடுக்கும் விளையாட்டு". அந்தப் பெண்ணுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்தது அவள் அம்மா மகேஸ்வரி. அதைப் பார்த்த பிறகு எனக்கு டிவியை அணைக்க மனசு வரவில்லை. மற்றவர்கள் அவளைத் தாண்டித் தாண்டி அடித்தார்கள். அவள் பின்னாலிருந்து அடித்து, கிரீனில் வந்து பட்டரால், அந்த பட் தட்டுகிற மட்டையால், ஈடு கொடுத்தாள். கடைசியில் ஒரே ஒரு ஷாட்டில் வெண்கலம் போயிற்று, நாலாவது இடம். அன்று சாயங்காலமே நீரஜ் சோப்ரா ஈட்டியில் தங்கம் வாங்கியதும் ஊர் காலையில் நடந்ததை மறந்துவிட்டது. நான் அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரி அடுத்த மட்டையை எடுத்துக் கொடுத்தாள். நான் கூட இருந்திருந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேனா என்பது சந்தேகம், இந்தக் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தாலே தெரியும்.

யூடியூபில் வாரத்துக்கு ஒரு வாத்தியார் மாற்றுகிறாயாம். ஒரு வாரம் கைப்பிடி மாறுகிறதாம், ஒரு வாரம் நிற்கிற நிலை மாறுகிறதாம். ஊரில் ஒருவர் நல்லவராகப் பார்த்துக் காசு கொடுத்து நாலு வகுப்பு போ. டிரைவருக்குக் கொடுத்ததில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று நான் கணக்குப் போடப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் விஷயம். ஸ்கோர் நன்றாக வந்த வாரம் நீ காரிலிருந்தே கூப்பிடுகிறாய், ஒவ்வொரு குழியாகச் சொல்கிறாய், அப்பா போனை மேஜையில் வைத்துவிட்டு பேப்பர் படிக்கிறார், நான் கேட்கிறேன். மோசமாக வந்த வாரம் போனே வருவதில்லை. நானும் எட்டு மணி வரை பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம் சார்ஜில் போடுகிறேன். எனக்கு 89-ம் 109-ம் ஒரே வேலைதான், கூட்டிப் பார்ப்பது. மோசமான கார்டில்தான் கூட்ட நிறைய இருக்கிறது. அதனால் அந்த வாரமும் கூப்பிடு. பேசப் பிடிக்காவிட்டால் பேரனிடம் போனைக் கொடுத்துவிட்டு நீ குளிக்கப் போ.

பேரனுக்கு ஒரு சின்ன பட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறாய் என்று போட்டோவில் பார்த்தேன். அவன் பந்தை அடித்துவிட்டு அதன் பின்னாலேயே ஓடுகிறான். அவனுக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்காதே.

அடுத்த ஆட்டத்திலிருந்து கார்டில் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் பட் எத்தனை என்று தனியாக எழுது. பந்து வெளியே போன குழிக்கு ஒரு புள்ளி வை. மரத்துக்குள்ளிருந்து பக்கவாட்டில் தட்டி வெளியே வந்த குழிக்கு ஒரு டிக் போடு, அதை நான் பச்சை மையில் எழுதிக்கொள்கிறேன். போட்டோ எடுக்கும்போது வெளிச்சத்தில் வைத்து எடு. போன தடவை 12-ஆவது குழி உன் கட்டைவிரல் நிழலில் இருந்தது. அது 5-ஆ 6-ஆ என்று மருமகளிடம் கேட்டுத்தான் கணக்கு நேரானது.

அன்புடன்,
அம்மா